இளங்கலைப் பட்டம் (செயின்ட் ஜான்ஸ் கல்லூரி)

அமெரிக்காவின் அனாபொலிஸிலும் சான்டா ஃபேயிலும் வளாகங்கள் கொண்ட செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வழங்கும் லிபரல் ஆர்ட்ஸ் பட்டம். ஸ்ட்ரிங்ஃபெலோ பார், ஸ்காட் புக்கானன் ஆகியோர் 1937இல் தொடங்கிய பாடத்திட்டமே இதற்கு அடிப்படை. முதன்மைப் பாடம் என்ற பிரிவு கிடையாது. அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே படிப்பு. கருத்தரங்கும் கணிதமும் மொழியும் 4 ஆண்டுகள். மொழியில் முதலில் பண்டைய கிரேக்கம், பிறகு பிரெஞ்சு. அறிவியல் ஆய்வகம் 3 ஆண்டுகள். இசையும் கட்டாயம். ஹோமரில் தொடங்கும் வாசிப்பில் பாடநூல்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை: யூக்ளிடையும் நியூட்டனையும் அவர்களது நூல்களின் வழியாகவே மாணவர் எதிர்கொள்கிறார், தேற்றங்களைக் கரும்பலகையில் தாமே நிறுவிக் காட்டுகிறார். இத்திட்டத்தின் உயிர்நாடி இதுவே. பேராசிரியர் உரையை விட மாணவர் கேள்விக்கே இங்கு மதிப்பு அதிகம். இறுதியாண்டில் நீண்ட கட்டுரை எழுதி, அதையொட்டிப் பொதுவில் நடக்கும் வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும்.