லீவருக்கும் பிரேக்குக்கும் பொருத்தம் பார்த்தாச்சா?

பழைய எம்டிபி சைக்கிளை எடுத்து, நேர் ஹேண்டில்பாரைக் கழட்டிட்டு, ரேஸ் சைக்கிள் மாதிரி கீழே வளைஞ்ச டிராப் ஹேண்டில்பார் மாட்டுறது இப்போ பசங்க மத்தியில ஒரு கிறுக்கு. எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் ரோட்டுல கூட காலையில ஒண்ணு ரெண்டு கண்ணுல படுது. பார்க்க ஜம்முனுதான் இருக்கு. ஆனா பிரேக் லீவர் எதைப் போட்டீங்கன்னு கேட்டா, "எதைப் போட்டா என்ன, எல்லாம் ஒயரை இழுக்கிறதுதானே" என்கிறார்கள். சைக்கிள் கடைப் பெரியவர்களும் அதையே சொல்லுவார்கள். ஒரு காலத்தில் அது நூத்துக்கு நூறு உண்மை. அது எப்போது பொய்யானது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் எட்டாங்கிளாஸ் நெம்புகோல் கணக்கு. பயப்படாதீங்க :)

நம்ம ஊர்க்காரனுக்கு சைக்கிள்னா முதல்ல ஞாபகம் வர்றது கம்பி பிரேக் வச்ச பெரிய சைக்கிள். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949-ல் டிஐ சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள். அம்பத்தூரில் இருந்து ஹெர்குலிஸ் வந்தது. 1956-ல் லூதியானாவில் ஹீரோ. இவர்கள் செய்த கறுப்பு சைக்கிள்களில் லீவரில் இருந்து பிரேக் கட்டை வரைக்கும் எல்லாமே இரும்புக் கம்பிதான். கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது. உள்பக்கத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தை, மேல் நோக்கி அழுத்தும். ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டுக்கொண்டு போன சைக்கிள் எல்லாம் இந்த ஜாதிதான். ஒரு ஸ்பேனர் இருந்தா ரிப்பேர் முடிஞ்சது. மழையில் மட்டும் குரோம் பூசின ரிம்மில் கட்டை வழுக்கும், கடவுள் விட்ட வழி.

இந்த அமைப்பில் லீவரும் பிரேக்கும் ஒரே உடம்பு. பொருத்தம் பார்க்கிற கேள்வியே கிடையாது. அதே காரணத்தால் இதில் டிராப் ஹேண்டில்பாரும் மாட்ட முடியாது. கம்பி வளைஞ்சு போகாதே. மாத்தணும்னா ரிம்மையே மாத்தணும், ஏன்னா அந்த உருண்டை ரிம்முக்கு பக்கவாட்டில் தட்டையான இடமே இல்லை. 28 இஞ்ச் சக்கரத்தை (635 மி.மீ.) எடுத்துட்டு 700சி (622 மி.மீ.) போட்டா, ரிம் 6.5 மி.மீ. உள்ளே போயிடும். பிரேக்கின் கை அதுவரை எட்டுதான்னும் பார்க்கணும்.

கம்பிக்கு விடுதலை கொடுத்தது பௌடன் கேபிள். எர்னஸ்ட் பௌடன் 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ராலே கம்பெனியின் ஃபிராங்க் பௌடன் வேற ஆள், குழப்பிக்காதீங்க. உறைக்குள் ஓடும் கம்பிக்கயிறு எந்த வளைவிலும் போகும். லீவர் ஓரிடம், பிரேக் ஓரிடம் என்று தனிக்குடித்தனம் ஆனது அப்போதுதான்.

அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு சண்டையே இல்லை. ஒரு பக்கம் இழுக்கிற காலிப்பர், நடுவில் இழுக்கிற காலிப்பர், ஃபோர்க்கின் ரெண்டு காலிலும் தனித்தனியா நிற்கிற கான்டிலீவர் என்று எது வந்தாலும், எல்லாவற்றுக்கும் வேண்டிய கேபிள் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்த லீவரும் எந்த பிரேக்கையும் பிடிக்கும். பெரியவர்கள் சொன்னது இந்தக் காலத்து உண்மை.

1996-ல் ஷிமானோ வி-பிரேக்கைக் கொண்டு வந்தது. கை நீளம் 100 மி.மீ.க்கு மேல். கட்டை கிட்டத்தட்ட கால்வாசி உயரத்தில், கேபிள் இழுப்பது உச்சியில். நெம்புகோல் கணக்குப்படி விசை பல மடங்காகும். பதிலுக்கு கேபிளை அதிக தூரம் இழுத்தாகணும். அதனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேபிள் இழுக்கிற, ஆனால் பாதி விசை கொடுக்கிற புது லீவரும் கூடவே வந்தது. டிராப் ஹேண்டில்பார் லீவர்கள் பழைய அளவிலேயே நின்றுவிட்டன. ஜாதகம் பிரிந்தது இங்கேதான்.

இப்போ பொருந்தாத கல்யாணம் ரெண்டு விதம். முதலாவது, டிராப் லீவர் + வி-பிரேக். கேபிள் போதாது. கட்டையை ரிம்மை ஒட்டி வச்சாதான் பிடிக்கும். முதல் நாள் வெடுக்குன்னு பிடிக்கும், "சூப்பர் பிரேக்" என்று தோன்றும். கட்டை கொஞ்சம் தேய்ந்ததும் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டு நின்றுவிடும், வண்டி நிற்காது. இரண்டாவது, வி-பிரேக் லீவர் + காலிப்பர் அல்லது கான்டிலீவர். கையில் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். கடை வாசலில் அழுத்திப் பார்த்தா திருப்தியா இருக்கும். ஆனால் ரிம்மில் விசை பாதிதான். செங்கோட்டைக்கு மேலே புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது அந்தப் பாதி எங்கே போச்சு என்று தேடக்கூடாது.

நிவாரணம் இருக்கு. டெக்ட்ரோ ஆர்.எல்.520 மாதிரி வி-பிரேக்குக்கென்றே செய்த டிராப் லீவர் போடலாம். டிராவல் ஏஜென்ட் என்று ஒரு சின்ன கப்பி உண்டு (டிக்கெட் போடாது!), ரெண்டு விட்டம் கொண்ட சக்கரம், கேபிள் தூரத்தைக் கூட்டிக் கொடுக்கும். கை நீளம் 80 - 90 மி.மீ. உள்ள மினி வி-பிரேக் இன்னொரு வழி. அல்லது அதே ஆணிகளில் பழைய கான்டிலீவரையே மாட்டலாம். கேபிள் உறையை நிறுத்த முன்னும் பின்னும் ஒரு தாங்கி மட்டும் வேண்டும்.

மாட்டி முடிச்சதும் ஒரே ஒரு சோதனை. லீவரை முழு பலத்தோடு அழுத்துங்க. ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. தொடாவிட்டால் ஆளில்லாத சமதளத்தில் ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாப் பிடிச்சுப் பாருங்க. கட்டை பாதி தேய்ந்த பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்க. புதுக்கட்டையில் பாஸ் ஆனது கணக்கில்லை.

டிஸ்கி: இந்த டிஸ்கி நிஜமாவே டிஸ்க் பற்றியது. கேபிள் டிஸ்க்கிலும் ரோடுக்கு ஒன்று, எம்டிபிக்கு ஒன்று என்று ரெண்டு ரகம் உண்டு. கேபிள் அளவு வேற வேற. எண்ணெய் டிஸ்க் என்றால் மினரல் ஆயிலா, டாட் ஃப்ளூயிடா என்று பார்த்தே வாங்கணும், மாத்தி ஊத்தினா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் காலி. கம்பி பிரேக் தாத்தா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார்.