கோடியக்கரை உள்ளான்கள்: கணக்கெடுப்பும் நீர்மட்டமும்

கோடியக்கரையில் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் குறைந்துவிட்டன என்பதை இன்று மறுப்பாரில்லை. அந்தக் குறைவில் அதை ஒட்டிய வேதாரண்யத்துச் சதுப்பின் பங்கு எவ்வளவு, அவை முட்டையிடும் ஆர்க்டிக் தரையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பறவைகளின் காலில் வளையமிட்டும் எண்ணியும் வந்த ஓரிடத்தில் இந்தத் தடுமாற்றம் ஏன்? இங்கே தரவுக்குப் பஞ்சமில்லை. திரட்டிய தரவெல்லாம் வேறு கேள்விகளுக்காகத் திரட்டப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் வலசை ஆய்வைத் தொடங்கியபோது அதற்குப் பணம் தந்தது உலக சுகாதார நிறுவனம். இன்றைய கர்நாடகத்தின் மலைக்காடுகளில் 1957-இல் தலைகாட்டிய கியாசனூர்க் காட்டுக்காய்ச்சலை வலசைப் பறவைகளின் மேல் ஒட்டிய உண்ணிகள் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம்தான் அதற்கு வித்து. நோயைத் தேடிப் போனவர்கள் வலசையைக் கண்டார்கள் என்று சொல்லலாம். பறவையியலாளர் சாலிம் அலி அந்த வாய்ப்பை நழுவவிடவில்லை. கோடியக்கரை அத்திட்டத்தின் முக்கியக் களங்களுள் ஒன்றாயிற்று. பறவை பிடிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார்களின் கைத்திறனும் அதற்குத் துணைநின்றது. வளையம் சொன்னது 'எங்கிருந்து, எங்கே' என்பதை. எத்தனை, ஏன் என்பவை அதன் கேள்விகளாக இருக்கவில்லை.

பின்னாளில் அந்த வளையப் பதிவுகளையே குறைவின் சான்றாகவும் படிக்க நேர்ந்தது. கிழக்குக் கரையில் கரைப்பறவைகளின் வீழ்ச்சியைப் பற்றி பறவையியலாளர் எஸ். பாலச்சந்திரன் 2006-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் முன்னோடியானது. ஆனால் வலையில் விழும் எண்ணிக்கை வழுக்குகிற சான்று. நிலவொளியில் பறவை வலையைக் கண்டுகொள்கிறது. இருட்டு இரவில் மாட்டிக்கொள்கிறது. கொசு உள்ளான் எளிதில் சிக்கும், கரைப்பறவையான கோட்டான் சிக்காது. எத்தனை வலை, எத்தனை மணி நேரம், நிலவின் எந்த நாள் என்பவை உடன் எழுதப்படாத பதிவை இன்னோர் ஆண்டின் பதிவோடு ஒப்பிட இயலாது.

ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தக் குறையைத் தீர்ப்பதாகத் தோன்றும். ஆசிய அளவில் 1987 முதல் நடக்கும் அப்பணியின் அருமையைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. என்றாலும் கோடியக்கரையைப் பொறுத்தவரை ஜனவரி ஒரு சங்கடமான மாதம். வடகிழக்குப் பருவமழை தேங்கிய நீர் சில ஆண்டுகளில் வடிந்திருக்கும், சில ஆண்டுகளில் வடிந்திருக்காது. கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீர் நின்றால் இரை எட்டாது. அது வேறிடம் போய்விடும். அப்போது நாம் எண்ணுவது பறவையையா, அவ்வாண்டு மழையையா? இதற்குமேல், எல்லா நீர்ப்பறவைகளையும் கூட்டி ஒரே தொகையாக அறிவிக்கும் வழக்கம் வேறு. பூநாரைக் கூட்டம் ஒன்று வந்திறங்கினால் உள்ளான்களின் சரிவு அந்தத் தொகைக்குள் மறைந்துபோகும். செய்தித்தாள்கள் விரும்புவதும் அந்தத் தொகையைத்தான்.

உள்ளூர்க் காரணத்தையும் தொலைதூரக் காரணத்தையும் பிரித்தறிய வழி உண்டு. அது பறவையைக் கையில் எடுக்கும்போதே கிடைக்கிறது. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்தை ஒட்டிய பகுதிகளில் முட்டையிடும் இப்பறவை, அக்டோபர் 2024-இல் பன்னாட்டுச் செம்பட்டியலில் 'அழிவாய்ப்புள்ளது' என்ற நிலைக்கு இறக்கப்பட்டது. இலையுதிர்காலத்தில் இங்கு வரும் இளம்பறவையின் சிறகு மூடிறகுகளில் வெளிர்மஞ்சள் விளிம்பு இருக்கும், முதிர்ந்ததில் இராது. ஆகவே வலையில் விழுந்தவற்றுள் இளசுகள் எத்தனை பங்கு என்பது அவ்வாண்டு ஆர்க்டிக்கில் குஞ்சு பிழைத்ததா என்பதற்கான விடை. அங்கே லெம்மிங் எலிகள் பெருகிய ஆண்டில் நரிகள் அவற்றைத் தின்று பறவைக் கூடுகளை விட்டுவைக்கின்றன; எலி அற்றுப்போன ஆண்டில் முட்டையும் குஞ்சும் இரையாகின்றன. இந்த ஏற்ற இறக்கத்துக்கு வேதாரண்யம் பொறுப்பாகாது.

பொறுப்பாவது மற்றொன்றுக்கு: புறப்படும்போது பறவையின் எடை. குளிர்காலத்தில் ஐம்பது கிராம் அளவில் இருக்கும் வளைமூக்கு உள்ளான், வடக்கே கிளம்புமுன் கொழுப்பேறி அதைவிட வெகுவாகக் கனக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் அந்த எடை ஏறவில்லையென்றால் இச்சேற்றில் இரை போதவில்லை என்று பொருள். இவற்றோடு, வளையமிட்ட முதிர்பறவை மறு ஆண்டு திரும்பிவரும் விகிதத்தையும் சேர்த்துப் படிக்கலாம். இளசுகளின் பங்கு நிலையாக இருந்து, எடையும் திரும்பிவரும் விகிதமும் சரிந்தால், பழியை சைபீரியாவின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

எடையேறும் இம்மாதங்களே உப்பு உற்பத்தி சூடுபிடிக்கும் மாதங்களும் ஆகும் என்பது இச்சிக்கலின் மையம். 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் 17.26 சதுர கிலோமீட்டர். அதன் பெருமை வெளிமானும் உலர் பசுமைமாறாக் காடும். உள்ளான்கள் மேய்வதோ காட்டுக்கு அப்பால், பெருஞ்சதுப்பிலும் உப்பளங்களிலும். 2002-இல் ராம்சார் ஈரநிலத் தகுதி பெற்ற 38,500 ஹெக்டேருக்குள் அவை வந்துவிட்டன என்றாலும், காவிரிக் கடைமடையிலிருந்து வரவேண்டிய நன்னீர் 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்தே மெலிந்துவருகிறது. இன்று சதுப்பின் பல பகுதிகளில் நீரின் ஆழத்தைத் தீர்மானிப்பவை மழை, காற்று, உப்பளங்களின் பம்பு. பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு சிறிது என்பதால், பம்பின் கை ஓங்கியே இருக்கிறது.

உப்பளங்களை அகற்றிவிட வேண்டும் என்ற குரலை நான் ஏற்கவில்லை. ஆழம் குறைந்த பாத்திகளில் உப்பீக்களின் புழுக்களும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால்களும் பெருகுகின்றன. கொசு உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் அங்கே நிறையவே மேய்கின்றன. கேடு செய்வது, முழங்காலளவு நீர் நிரப்பிய தேக்கப் பாத்திகளும், உப்பு வாரியபின் எஞ்சும் மக்னீசியம் மிகுந்த நீரைச் சதுப்பில் திறந்துவிடுவதும். தேக்கப் பாத்திகளுள் ஒரு பகுதியை மட்டும் மார்ச் முதல் ஏப்ரல் வரை படிப்படியாக வடிப்பது என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கலாம். உற்பத்தி பாதிக்கும் என்று எதிர்ப்பு வரும். பாதிக்கத்தான் செய்யும், ஓரளவு. அதற்கு ஈடு தருவது வேலி போடுவதைவிடப் பயனுள்ள செலவு.

வடித்ததால் பலன் கிடைத்ததா என்று அறியக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. உப்பளத் தொழிலாளர்கள் பாத்தி நீரின் உப்படர்த்தியை அடிக்கடி போமே மானியில் பார்க்கிறார்கள். அவர்கள் பேச்சில் அது 'டிகிரி'. கடல்நீர் சுமார் மூன்று டிகிரி, உப்பு படிவது இருபத்தைந்தை ஒட்டி. இடைப்பட்ட டிகிரிகளில்தான் இரையும் இருக்கிறது. அந்த அளவு, நாட்டிய அளவுகோலில் நீரின் ஆழம், அதே பாத்தியில் இனவாரியாக மேயும் பறவைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் செப்டம்பர் முதல் மே வரை பத்து நாளுக்கொரு முறை ஒரே நோட்டில் எழுதினால் போதும். எழுதும் தொழிலாளிக்கு அன்றைய கூலி தரப்பட வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் அவர் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் திட்டம் இரண்டாம் ஆண்டு நிற்காது.