பெயரும் நோயும்: உறக்கநோய்ச் சொல் ஒன்றின் வரலாறு

1. முன்னுரை

மருத்துவக் கலைச்சொற்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் மூலச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பொருள் காண்கின்றனர். அச்சொல் பிறந்தபோது நோயைப் பற்றி அறியப்பட்டது எவ்வளவு என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. உறக்கத்தில் மூச்சு நின்று மீளும் நோய்க்கு வழங்கிய பெயர்களைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. உறக்கத்தின் இயல்பு

உறங்குவோரின் கண்கள் இடையிடையே விரைந்து அசைவதைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் 1953இல் வெளியிட்டனர். 'விரைவிழியசைவு உறக்கம்' என்னும் பெயர் இதனடியாகப் பிறந்தது. அந்நிலையில் மூளை விழித்திருப்பது போல் இயங்க, உடற்றசைகள் தளர்ந்து கிடப்பதைப் பூனைகளில் கண்ட லியோன் நகரத்து ஜூவே, 1959இல் அதனை 'முரணுறக்கம்' என்றார். பொருள் ஒன்று, பெயர் இரண்டு. தசைத்தளர்ச்சியை நினைவூட்டுவது பின்னையதே. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இந்நிலையில் தொண்டைத் தசைகளும் தளர்வதால் மூச்சுவழி எளிதில் அடைபடுகின்றது.

3. பிக்விக் என்னும் பெயர்

மிகுந்த உடற்பருமனும் பகலில் அடக்கவியலாத உறக்கமும் உடைய ஒருவரைப் பற்றிப் பர்வெல் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 1956இல் எழுதினர். டிக்கன்ஸின் பிக்விக் புதினத்தில் எப்போதும் உறங்கும் பருத்த சிறுவனை எண்ணி, நோய்க்கு அப்புதினத்தின் பெயரையே இட்டனர். பருமனால் மூச்சு குறைந்து, குருதியில் கரியமிலவாயு மிகுவதே உறக்கத்திற்குக் காரணம் எனக் கருதினர். பெயர் காட்டியது பகலை. காரணமோ இரவில் இருந்தது.

1965இல் பிரான்சில் கஸ்தோ குழுவினரும் ஜெர்மனியில் யூங், கூலோ ஆகியோரும் இத்தகைய நோயாளிகளின் இரவு உறக்கத்தைக் கருவிகளால் பதிவு செய்தனர். மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதும், ஒவ்வொரு முறையும் மூளை கணநேரம் விழிப்பதும் புலனாயின. இரவு உறக்கம் துண்டுதுண்டானதன் விளைவே பகலுறக்கம். பருமனற்றோர்க்கும் இந்நோய் உண்டு என்பது 1970களில் தெளிவாயிற்று. தொண்டையில் துளையிடுதலே அதுவரை முதன்மை மருத்துவமாக இருந்தது. 1981இல் சிட்னியின் சல்லிவன், மூக்குவழிக் காற்றழுத்தம் தந்து மூச்சுவழியைத் திறந்துவைக்கும் முறையை அறிவித்தார்.

4. தமிழாக்கம்

இன்று வழங்கும் 'ஆப்னியா' என்னும் கிரேக்க வழிச்சொல்லை உறுப்புநோக்கிப் பெயர்த்தால் 'மூச்சின்மை' என்றாகும். மருத்துவர் கணக்கில் 10 நொடியேனும் மூச்சு நிற்பதே இது. ஆயின் இதில் இருவகை உண்டு. மூளையின் ஏவல் இன்றி மூச்சு முயற்சியே நிற்பது ஒன்று. நெஞ்சு முயன்றும் தொண்டை அடைபட்டுக் காற்று புகாமை மற்றொன்று. பெருவழக்கான பின்னையதற்கு 'மூச்சின்மை' பொருந்தாது. அங்கு இல்லாதது காற்றோட்டமே. மூச்சு முயற்சி அன்று.

தமிழ் வழக்கில் 'குறட்டை விட்டுத் தூங்குகிறான்' என்பது கவலையற்ற ஆழ்ந்த உறக்கத்தைச் சுட்டும். அவ்வழக்கில் பழகிய நோயாளி, 'மூச்சின்மை' என்று படிக்கும்போது அது தம் குறட்டையைப் பற்றியது என உணரமாட்டார், மருத்துவரையும் நாடமாட்டார். ஆதலின் பொதுப்பெயராக 'உறக்க மூச்சுநிறுத்தம்' என்பதையும், வகைப்பெயர்களாக 'அடைப்புவகை', 'மூளைவகை' என்பனவற்றையும் கொள்ளலாம். முதல் வழக்கிலேயே குறட்டையையும் பகலுறக்கத்தையும் விளக்கமாகச் சேர்த்தல் வேண்டும். சொல்லை மட்டும் பெயர்த்தால் பழைய அறியாமையும் உடன் பெயர்ந்துவிடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் கருத்தாகும்.