பெட்டி திறக்காமலே உடைந்த சக்கரங்கள்

தமிழ்ச் சினிமா பார்த்துப் பழகிய எங்களுக்கு 'போகி' என்றால் முழு ரயில் பெட்டிதான். உண்மையில் பெட்டிக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கி வளைவில் திரும்பும் கூட்டுக்குத்தான் பிரித்தானியர் அந்தப் பெயரை வைத்தார்கள். அமெரிக்கர் அதை ட்ரக் என்பார்கள். மொடல் ரயில் பைத்தியங்கள் (அன்பாகத்தான் சொல்கிறேன்!) இந்த உறுப்பை மட்டும் தனிக் கிற்றாக வாங்கிப் பூட்டிய காலம் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கப் பயணிகள் பெட்டிக் கிற்றுகள் பல மரமும் தகரமுமாக வந்தன. ட்ரக்கை வாங்குபவர்தான் தெரிவு செய்ய வேண்டும். கொங்கிரீட் தளம் போட்ட பழைய புல்மன் பெட்டி என்றால் மூன்று அச்சு. 1934க்குப் பிறகு வந்த இலகு பெட்டிகளுக்கு இரண்டு. வார்த்தெடுத்த பக்கச் சட்டங்கள், குறுக்குச் சட்டம், நுளம்பு மாதிரிச் சின்ன ஸ்பிரிங்குகள், சக்கரங்கள்... ஸ்பிரிங் ஒன்று கை தவறித் தெறித்தால் அன்றைய பின்னேரம் நிலத்தில்தான். இரண்டு தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுவதால் ஒவ்வொரு அச்சிலும் ஒரு சக்கரம் காவலிட்டிருக்கும். ஒரு அச்சை மாறிப் பூட்டினால் ஷோர்ட் ஆகிவிடும்.

ஆனால் பெரிய வில்லங்கம் உலோகத்தில்தான் இருந்தது. இந்த வார்ப்புகளில் பெரும்பங்கு நாகம் (தமிழ்நாட்டில் துத்தநாகம்). அதில் மிகச் சிறிதளவு ஈயம் கலந்தாலே போதும், உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்புத் தொடங்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். வார்ப்பு வீங்கும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். 1929இல் நியூ ஜேர்சி சிங்க் கம்பனி 99.99 வீதம் தூய நாகத்தில் 'சமக்' என்ற கலப்புலோகத்தைக் கொண்டுவந்து வழி காட்டியது. தூய உலோகத்துக்குக் காசு கூட. பட்டறையில் கழிவைத் திரும்ப உருக்கும்போது ஈயம் சேர்ந்துவிடுவதும் சுலபம்.

1942இல் போருக்காக அமெரிக்காவில் விளையாட்டு ரயில் தயாரிப்பே நின்றது. லயனல் கம்பனி 1943இல் கடதாசி ரயில் விற்றது! போருக்குப் பின் வந்த வார்ப்புகளில் இந்த நோய் குறைவு.

இன்று பழைய கிற் வாங்குவோர் 'திறக்காத பெட்டி' என்றால் கூடிய விலை கொடுக்கிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை. இந்த நோய் ஓடிய ட்ரக், ஓடாத ட்ரக் என்று பார்ப்பதில்லை. மருந்தும் இல்லை. மூடியைத் திறந்தால் சட்டம் சாம்பல் நிறத் துண்டுகளாகக் கிடக்கும். ஸ்பிரிங்கும் திருகாணியும் மட்டும் புதிதாகவே இருக்கும். அவற்றை எடுத்து வேறு ட்ரக்குக்குப் பூட்டலாம்.