ஈமச் செலவும் இன்ஷூரன்ஸும்: ஒரு வரலாற்றுப் பார்வை

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் இரண்டு பெருஞ் செலவுகளைச் சுட்டிச் சொன்னார்கள். மனித வாழ்வில் மூன்றாவது செலவும் ஒன்று உண்டு. அதனைப் பழமொழியில் சேர்க்காமல் விட்டது மறதியால் அன்று. சொந்த ஊரில் சாவுச் செலவு ஒரு வீட்டின் தனிச் செலவாக இருந்ததில்லை. பங்காளிகள் கூடி நின்றார்கள். சம்பந்திகள் கோடி கொண்டு வந்தார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அண்டை வீட்டார் சோறு சமைத்து அனுப்பினார்கள். விறகு வெட்டுவது முதல் பாடை கட்டுவது வரை ஊர்க் கைகள் செய்தன. பணம் அங்கே கடைசியாகத்தான் வந்தது.

பிழைப்புத் தேடி நெடுந்தொலைவு வந்து காலனியில் குடியேறிய நமக்கு அந்த நிலை இல்லை. வண்டிக்குப் பணம், மயானத்துக்குப் பணம், சடங்கு செய்விப்பவருக்குப் பணம், ஊரிலிருந்து ஓடி வருவோரின் பிரயாணத்துக்குப் பணம் என்று யாவும் பணமாகவே நிற்கின்றன. பிள்ளைகளோடு வந்து தங்கிய பெரியவர்கள் பலர், “என் கடைசிச் செலவு பிள்ளைக்குப் பாரமாகக் கூடாதே” என்று மனத்துக்குள் கலங்குகிறார்கள். அதை வாய்விட்டுச் சொன்னாலோ, “அபசகுனமாகப் பேசாதீர்கள்” என்று நாம் அடக்கிவிடுகிறோம். இவ்வாறு பேசாமல் விட்ட விஷயத்தைப் பற்றி, ஒருநாள் யாரோ ஓர் ஏஜெண்டு வந்து பேசுகிறார். நாமும் அரைமனத்தோடு கையெழுத்திடுகிறோம்.

இறுதிச் செலவுக்கென்று முன்கூட்டியே பணம் கட்டி வைப்பது புதுமை அன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அந்த வரலாற்றை அறிந்தால், எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்பது தானே விளங்கும்.

ரோமாபுரியின் ஈமச் சங்கம்

ரோமாபுரிக்குத் தென்கிழக்கே லனுவியம் என்ற சிற்றூர் உண்டு. அங்கே 1816-ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. கி.பி. 136-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட அது, ஏழை மக்களும் அடிமைகளும் சேர்ந்து நடத்திய ஓர் ஈமச் சங்கத்தின் விதிகளைக் கூறுகிறது. சேரும்போது 100 செஸ்டர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல மதுவும் கொடுக்க வேண்டும். பிறகு மாதந்தோறும் 5 செப்புக் காசு கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டி வந்தவர் இறந்தால் அவருடைய ஈமக் கடனுக்கு 300 செஸ்டர்ஸ் வழங்கப்படும். அதில் 50, சவ ஊர்வலத்தில் உடன் சென்றவர்களுக்குச் சிதையருகே பகிர்ந்தளிக்கப்படும். தொடர்ந்து ஆறு மாதம் கட்டாதவருக்கு உரிமை இல்லை.

நான்கு செப்புக் காசு ஒரு செஸ்டர்ஸ் ஆதலால், ஆண்டுச் சந்தா 15 செஸ்டர்ஸ் ஆகிறது. நுழைவுக் கட்டணம் 100 போக எஞ்சிய 200-ஐக் கட்டி முடிக்கப் பதின்மூன்று ஆண்டுக்குச் சற்று மேலாகும். அதற்கு முன் இறந்தவர் கட்டியதைவிட மிகுதியாகப் பெற்றார். அதற்குப் பின்னும் வாழ்ந்தவர் பிறருக்காகக் கொடுத்தார். இன்ஷூரன்ஸின் சாரம் முழுவதும் இந்தச் சிறு கணக்கில் அடங்கிவிடுகிறது.

நம்மைப் போன்ற வெளியூர்வாசிகள் கருதத்தக்க விதி மற்றொன்று. உறுப்பினர் ஒருவர் ஊருக்கு இருபது மைலுக்கு அப்பால் இறந்து, செய்தியும் வந்து சேர்ந்தால், சங்கத்தார் மூவரைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். அம்மூவரும் அங்கே சென்று அடக்கத்தை நடத்திவிட்டு, வஞ்சனை இன்றிக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். வஞ்சித்தால் நான்கு மடங்கு தண்டம். அவர்களுடைய வழிச் செலவைச் சங்கமே தரும். இறந்த அடிமையின் உடலை எஜமானன் வன்மத்தால் தர மறுத்தால், உருவம் ஒன்று செய்து அதற்கு ஈமக் கடன் ஆற்ற வேண்டும் என்றும் விதி இருந்தது. உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எஜமானனோ கடன் கொடுத்தவனோ, உயிலில் வாரிசாகக் குறிக்கப்பட்டாலன்றி, அந்தப் பணத்தில் உரிமை கொண்டாட முடியாது.

பணம் எவ்வளவு என்பதோடு, யார் செல்வது, யாருக்கு உரிமை, கணக்கு என்ன என்பவற்றையும் அந்த எளிய மக்கள் எழுதி வைத்தார்கள்.

ஆங்கில நாட்டின் வாரம் ஒரு பென்னி

பல நூற்றாண்டுகளைக் கடந்து இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே 1832-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, தரும விடுதிகளில் இறந்து, உரிமை கோருவார் இல்லாத ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அறுத்துப் பார்க்கக் கொடுக்கலாம் என்றாயிற்று. பஞ்சைப் பிணமாகப் புதைக்கப்படுவதையே பெரும் அவமானமாகக் கருதிய தொழிலாளிகள் பின்னும் அஞ்சினார்கள். உண்ணும் ரொட்டியைக் குறைத்தேனும் அடக்கச் செலவுக்குக் காசு சேர்த்தார்கள். மதுக்கடைகளின் மாடியறைகளில் ஈமச் சங்கங்கள் கூடின. லிவர்பூலில் 1850-இல் தோன்றிய அத்தகைய சங்கம் ஒன்றே பின்னாளில் ராயல் லிவர் என்ற பெரு நிறுவனமாக வளர்ந்து, 1911-இல் அந்நகரத் துறைமுகத்தில் வானளாவிய மாளிகை எழுப்பியது. புருடென்ஷியல் கம்பெனி 1854-இல் தொழிலாளருக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, வாரந்தோறும் வீட்டு வாசலுக்கே ஆளனுப்பிப் பென்னி பென்னியாக வசூலித்தது.

வசதி பெரிதுதான், ஆனால் அதன் விலையும் பெரிது. சமூகப் பாதுகாப்பைப் பற்றி 1942-இல் பெவரிட்ஜ் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, இவ்வகை இன்ஷூரன்ஸில் கட்டப்படும் ஒவ்வொரு பவுனிலும் ஏறத்தாழ ஏழரை ஷில்லிங் நிர்வாகத்துக்கே செலவாகிறது என்று காட்டியது. பவுனுக்கு 20 ஷில்லிங். ஆகவே ஏழை கட்டிய ரூபாயில் ஆறணா, வசூலிப்பவரின் நடைக்கும் அலுவலகத்துக்கும் போயிற்று என்று நாம் சொல்லலாம். வறுமையால் சில வாரம் கட்டத் தவறியவர்களின் பாலிசிகள் காலாவதியாகிப் பணமும் போயிற்று.

அரசாங்கமே இறுதிச் செலவுக்கு உதவ வேண்டும் என்பது பெவரிட்ஜின் முடிவு. அவ்வாறே 1949 முதல் 20 பவுன் வழங்கப்பட்டது. 1967-இல் அது 30 பவுன் ஆயிற்று. பிறகு விலைவாசி பன்மடங்கு ஏறியும் தொகை ஏறவே இல்லை. 1987-இல் திட்டமே எடுக்கப்பட்டது. நிலையான தொகையை விலையேற்றம் எவ்வாறு கரைத்து உண்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில்

அமெரிக்க நாட்டில் விடுதலை பெற்ற நீக்ரோ மக்களுக்குப் பெரிய கம்பெனிகள் பல சமமாக இடம் தரவில்லை. அவர்கள் தேவாலயங்களை ஒட்டித் தாமே ஈமச் சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் தொழிலால் செல்வரான அலோன்சோ ஹெர்ண்டன் என்பவர், 1905-இல் அத்தகைய எளிய சங்கத்தை வாங்கி அட்லாண்டா லைப் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனமாக வளர்த்தார்.

அந்நாட்டில் இன்று முதியோருக்கென்று “இறுதிச் செலவு இன்ஷூரன்ஸ்” என்ற பெயரிலேயே பாலிசிகள் விற்கப்படுகின்றன. மருத்துவச் சோதனை இல்லை, தொகையும் சிறியது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பல பாலிசிகளில், முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் நோயால் இறந்தால் முழுத் தொகை கிடைக்காது. கட்டிய பணம் சிறிது வட்டியோடு திரும்பும், அவ்வளவே. சோதனை இல்லாமையின் விலை அங்கே மறைந்திருக்கிறது. அடக்கச் செலவை விரித்துரைக்கும் விலைப்பட்டியலைக் கேட்போருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1984-இல் அந்நாட்டில் விதி வந்தது. துக்கத்தில் இருப்பவன் பேரம் பேச மாட்டான் என்பதை வியாபாரிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள் அல்லவா!

நம் நாட்டின் அனுபவம்

நம் நாட்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு சேமநிதிச் சங்கங்கள் மழைக்காளான்போல் முளைத்தன. கலியாணத்துக்கும் சாவுக்கும் பணம் தருவதாக அவை வாக்களித்தன. அவற்றுள் பல, வரும் சந்தாவை அவ்வப்போது உரிமை கோருவோருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையைக் கையாண்டன. உறுப்பினர் இளைஞராக இருக்கும் வரையில் பங்கு பெரிதாக இருந்தது. அவர்கள் மூப்படைந்து, புதியவர் சேர்வது குறைந்ததும் பங்கு சுருங்கியது. முதலில் இறந்தவர் குடும்பம் வாழ்த்தியது. பிந்தியவர் குடும்பம் வெறுங்கையோடு நின்றது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைக் கட்டுப்படுத்த முயன்றது. 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம் அந்தப் பங்கீட்டு முறையையே தடை செய்தது. 1956 செப்டம்பர் முதல் நாள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் தோன்றியபோது அதில் இணைக்கப்பட்ட 245 நிறுவனங்களுள் 75 இத்தகைய சேமநிதிச் சங்கங்களே என்பது குறிப்பிடத்தக்கது.

நம் சங்கங்கள் மரண சகாய நிதி தொடங்க எண்ணும்போதெல்லாம் இந்த வரலாற்றை நினைவிற் கொள்ள வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, இறந்தவர் வீட்டுக்கு இன்ன தொகை நிச்சயம் தருவோம் என்று வாக்களிப்பது நல்ல எண்ணமே ஆயினும், கணக்கறிந்தவர் துணையும் சட்டத்தின் அனுமதியும் இன்றிச் செய்யத்தக்கது அன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்வரலாறு நமக்கு ஐந்து கேள்விகளைக் கற்பிக்கிறது.

முதலாவது, வயது. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில், 2022 முதல் ஆண்டுக்கு 436 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 50 வயதுக்குள் சேர வேண்டும்; 55-இல் அது முடிந்துவிடும். ஊரிலிருந்து வந்த தாய் தந்தையருக்கு அது பயன்படாது. அவர்களை இங்கே அழைத்து வந்த நமக்கே பயன்படும். மலிவான பாதுகாப்பு இளமையில்தான் கிடைக்கும்.

இரண்டாவது, காத்திருக்கும் காலம். சேர்ந்த நாள் முதலே முழுத் தொகையா, சில ஆண்டு கழித்தா என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும். நோயை மறைத்துப் பாலிசி எடுப்பதோ கூடவே கூடாது. மூன்று ஆண்டு கடந்தபின் பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்த இயலாது என்று நம் சட்டம் கூறினும், அதற்குள் இறந்தால் அந்தப் பொய்யே குடும்பத்துக்குப் பகையாகும்.

மூன்றாவது, லனுவியத்துக் கணக்கு. ஒரு லட்ச ரூபாய் பாலிசிக்கு மாதம் 1,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு மாதத்தில், அதாவது எட்டு ஆண்டு நான்கு மாதத்தில், முழுத் தொகையையும் நாமே கட்டிவிடுகிறோம். அதற்கு மேலும் வாழ்வார் என்று நம்பத்தக்க பெரியவருக்கு, அதே பணத்தை வங்கியில் சேர்ப்பதே மேல்.

நான்காவது, விலையேற்றம். இன்றைய செலவுக்குப் போதுமான தொகை பதினைந்து ஆண்டுக்குப் பின் போதுமா?

ஐந்தாவது, உரிமை. வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா? பாலிசிப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்கேனும் தெரியுமா?

இவை யாவற்றுக்கும் மேலாக, நமக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. மேல்நாடுகளில் அடக்கம் பல நாள் கழித்து நடைபெறலாம். பாலிசியைக் காட்டி ஈமக் காரியஸ்தரிடம் தவணையும் பெறலாம். நம் வீடுகளில் பொழுது சாய்வதற்குள், தவறினால் மறுநாள், தகனம் நடந்துவிடும். இன்ஷூரன்ஸ் பணமோ மரணச் சான்றிதழ் பெற்று மனுக் கொடுத்த பின்பே வரும். ஆகையால் எந்தப் பாலிசியும் நம் முதல்நாள் செலவுக்கு உதவாது. அதற்கு, இருவர் பெயரில், எஞ்சியவர் எடுக்கத்தக்க முறையில் வங்கியில் வைத்த சிறு சேமிப்பே துணை. பாலிசிப் பணம் பிந்திய கடனை அடைக்கவும், துணையை இழந்தவர் தலைநிமிர்ந்து வாழவும் உதவும். இரண்டின் பயனையும் வேறு வேறாக அறிந்து கொண்டால் ஏமாற்றம் நேராது.

பணத்துக்கு அப்பால்

லனுவியத்து மக்கள் இருபது மைல் தொலைவுக்கு மூவரை அனுப்பினார்கள். நாமோ சொந்த ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்கிறோம். நள்ளிரவில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், மருத்துவரிடம் சான்று வாங்கவும், மயானத்தில் நேரம் கேட்கவும், ஊருக்குச் செய்தி சொல்லவும், அழுதுகொண்டிருப்போர் பெயரால் பேரம் பேசவும் மூவர் வேண்டும். இதனை எந்தக் கம்பெனியும் பாலிசியில் எழுதித் தராது. எழுதினாலும் அது நிறைவேறாது.

தொகையை இன்ஷூரன்ஸ் தரட்டும். முதல்நாள் செலவை நம் சேமிப்புத் தரட்டும். அந்த மூவரை நம் சங்கம் தரட்டும். காலனிக்கு மூவர் என்று பெயர்களை எழுதி, அவர்கள் தொலைபேசி எண்களோடு வீடுதோறும் கொடுத்துவிட்டால், அதற்குச் சந்தாவும் வேண்டுவதில்லை, சட்டமும் தடுப்பதில்லை. “பிள்ளைக்குப் பாரமாவேனோ” என்று கலங்கும் பெரியவர், அந்தத் தாளைப் பார்த்தேனும் அன்றிரவு அமைதியாக உறங்குவார்.