குடியிலிருந்து மீண்டோர் கூட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மது எதிர்ப்பின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு அரசியல் வரலாற்று நூல்களில் விரிவாக ஆராயப்படுகிறது. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்தெழுந்த இயக்கமும் தேசிய விழிப்புணர்ச்சியின் ஓர் அத்தியாயமாகவே நோக்கப்படுகிறது. இவ்வரலாறுகளில் மதுக்கடை உண்டு, வரி உண்டு, தலைவர்கள் உண்டு. குடியை விட முயன்று தோற்றவன் எங்கே சென்றான் என்ற வினாவுக்கு மட்டும் அவற்றில் விடை காண்பது அரிது. அவ்விடையை அமெரிக்க நகரங்களில் தோன்றிய சிறு கூட்டங்களின் வரலாற்றிலே காணலாம்.

1826இல் பொஸ்ரன் நகரில் அமைந்த அமெரிக்க மது எதிர்ப்புச் சங்கம் குடிகாரரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. குடி முற்றியவர் மீளார். எனவே நிதானமுடையோரை அந்நிலையில் நிறுத்துவதே செய்யத்தக்கது என்பது அக்கால மது எதிர்ப்பாளர் பலரின் கருத்தாகும். இக்கருத்தைப் பொய்ப்பித்தோர் அறிஞரோ மதகுருமாரோ அல்லர். 1840 ஏப்பிரில் 2ஆம் திகதி, பல்ரிமோர் நகர மதுக்கடையொன்றிற் கூடிய ஆறு பேரே அதனைச் செய்தனர். தையற்காரர், தச்சர், கொல்லர் முதலிய கைத்தொழில் செய்தோர் அவர்கள். குடியை முற்றாக விடுவதென உறுதி பூண்டு, தமது சங்கத்துக்கு ஜோர்ஜ் வாசிங்டனின் பெயரைச் சூட்டினர். அவர்களது கூட்டங்களிற் போதனைக்கு இடமிருக்கவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து, தாம் குடியாற் கெட்டதையும் மீண்டதையும் கூறினர். இன்னொரு குடிகாரரை அழைத்து வருவதும் அவர்தம் கடமையாயிற்று. துன்புற்றவன் சங்கத்தைத் தேடி அலையவில்லை. சங்கமே அவனைத் தேடிச் சென்றது.

இவ்வியக்கம் மிக விரைவிற் பரவியது. 1842 பெப்ரவரி 22ஆம் திகதி இலினோய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் இதன் கிளைச் சங்கத்தில் உரையாற்றிய ஆபிரகாம் லிங்கன், குடிகாரரைக் கண்டிப்பதிலும் நண்பராய் அணுகுவதே பயன்தரும் என வாதிட்டார். ஆயினும், அப்பத்தாண்டு முடியுமுன்னரே இயக்கம் பெரும்பாலும் சிதைந்துவிட்டது. குடிக்கு அடிமையாகாதோரும் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். மதுவைச் சட்டத்தால் தடைசெய்வதா என்ற பிணக்கு உட்புகுந்தது. பேச்சாளர் புகழ் பெற்றனர், அப்புகழே ஆபத்தாயிற்று. பிரபல பேச்சாளரான ஜோன் கவ் 1845இல் நியூயோர்க்கிற் சில நாட்கள் காணாமற் போய்ப் பின்னர் மயங்கிய நிலையிற் கண்டெடுக்கப்பட்டபோது, ஒருவரின் வீழ்ச்சி முழு இயக்கத்தின் வீழ்ச்சியாகவே பேசப்பட்டது.

ஏறத்தாழ 90 ஆண்டுகளின் பின்னர், ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் அதே அனுபவம் மீண்டும் கண்டறியப்பட்டது. நியூயோர்க் பங்குச் சந்தையிற் பணியாற்றிய பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. 1935 மே மாதத்தில் அக்ரனுக்கு வந்த அவரது வணிக முயற்சி தோல்வியுற்றது. விடுதி முன்கூடத்தில் ஒருபுறம் மதுச்சாலையின் ஆரவாரம். மறுபுறம் தேவாலயங்களின் முகவரிப் பட்டியல். அவர் பட்டியலை நாடி, மதகுரு ஒருவருக்குத் தொலைபேசியிற் பேசினார். அதன் பயனாக மே 12ஆம் திகதி சத்திரசிகிச்சை நிபுணரான பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டுமே இருக்க எண்ணி வந்த வைத்தியர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உரையாடினார். வைத்தியர் இடையில் ஒருமுறை வழுவினார். அவர் இறுதியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் யூன் 10ஆம் திகதியே அல்ககோலிக்ஸ் அனோனிமஸ் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கருதப்படுகிறது. 'பெயர் கூறாத குடிநோயாளர்' என்பது அப்பெயரின் பொருள்.

1939இல் இவ்வியக்கத்தின் பன்னிரு படிகளைக் கூறும் நூல் வெளியாயிற்று. 1941 மார்ச்சில் அமெரிக்க வார இதழொன்றில் வந்த கட்டுரையின் விளைவாக, ஏறத்தாழ 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டிறுதியில் 8,000 ஆயிற்று. அருகிற் குழு இல்லாதோர் நூலையும் கடிதங்களையுமே துணையாகக் கொண்டு தத்தம் ஊர்களிற் குழு அமைத்தனர்.

வளர்ச்சி அச்சத்தையும் கொணர்ந்தது. தகுதியற்றோர் நுழைவர் எனக் குழுக்கள் பல விதிகளை வகுத்தன. அவையனைத்தும் ஒருங்கே நடைமுறைப்பட்டிருப்பின் எவருமே உறுப்பினராகியிருக்க முடியாது என்று பின்னாளில் அவ்வியக்கத்தினரே எழுதினர். 1946இல் வெளியிடப்பட்டு, 1950இல் கிளீவ்லண்ட் மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகள் இதற்குத் தீர்வு கண்டன. குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி; புறவிவகாரங்களிற் சங்கத்துக்குக் கருத்தில்லை; வெகுசனத் தொடர்பிற் பெயர் வெளியிடலாகாது. வாசிங்டன் சங்கத்தாரின் வீழ்ச்சி 1953இல் வெளியான அம்மரபுகளின் விளக்க நூலிற் பாடமாகவே எடுத்துக்காட்டப்பட்டமை நோக்கற்பாலது.

இறைவனைச் சார்ந்த இதன் மொழி அனைவர்க்கும் ஏற்புடையதன்று. வந்தவர் யாவரும் மீள்வதுமில்லை. எனினும், 27 ஆய்வுகளை ஒப்புநோக்கிய 2020ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, குடியை முற்றாக விட்டிருக்கச் செய்வதில் இவ்வழி பிற சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததன்று எனக் கண்டது.

அக்ரன் நகரில் வில்சன் தேடியது உதவி செய்வோரையன்று. தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரையே தேடினார். அவருக்கு உதவினாலன்றித் தாம் அன்றிரவு தப்ப முடியாது என்பதை உணர்ந்திருந்தார். கூச்சத்துடன் வாயிலில் நிற்கும் புதியவர் இரப்பவர் அல்லர். உள்ளே இருப்போர்க்கும் அவர் வரவு தேவை. மதுவிலக்குச் சட்டங்கள் நீக்கப்பட்ட பின்னரும் இக்கூட்டங்கள் நிலைத்தமைக்குக் காரணம் இதுவே எனலாம்.