வாவிக்கரையில் இல்லாத என்புகள்

மட்டக்களப்பு வாவிக்கரைப் பாறைகளில் பண்டை விலங்குகளின் என்புகளைத் தேடுதல் வீண்முயற்சி. அப்பாறைகள் என்புள்ள உயிர்கள் தோன்றுமுன்னரே உருவாகிப் பெருவெப்பத்தில் உருமாறியவை; வாவியோ கடல்மட்டம் உயர்ந்த அண்மைக்காலத்தது. அடையற்பாறை வாய்த்த நாடுகளின் பேறு வேறு. நியூசிலாந்திற் கிடைத்த ஒரேயொரு காலென்பைக் கொண்டு 1859இல் ஹக்ஸ்லி, மறைந்துபோன பெரும் பென்குயின் இனமொன்றுக்குப் பெயரிட்டார். அத்துணிவு பொய்க்கவில்லை. அந்நாட்டிலேயே கண்டெடுக்கப்பட்டு 2023இல் விவரிக்கப்பட்ட குமிமானு போர்டைசி ஏறத்தாழ 150 கிலோகிராம் நிறையுடையதென மதிப்பிடப்படுகிறது. இன்று வாழும் மிகப்பெரிய பென்குயினின் நிறையைப்போல் அது மும்மடங்கிற்கும் மிகுதி.

இலங்கையிலும் இத்தகைய துணிவு நிகழ்ந்ததுண்டு. மட்டக்களப்பிலன்று, மாணிக்கம் அகழும் இரத்தினபுரி மாவட்டத்தில். அங்குக் குருவிட்டைப் படிவுகளிற் கிடைத்த இரு பற்களைக் கொண்டே பி. இ. பி. தெரணியகல 1939இல் இத்தீவின் மறைந்த சிங்கத்தை விவரித்தார். கதையிலும் சிற்பத்திலும் கண்ட விலங்குக்கு மண்ணளித்த சான்று அவ்வளவே.